தொட்டியடியில் உலாவும் மீசைக்காரர்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கத் தொடங்குவோர் முதலில் நாடுவது நடுநீரிலும் மேற்பரப்பிலும் நீந்தித் திரியும் மீன்களையேயாம். கப்பி, மொலி, பிளாற்றி, வாள்வால், நியோன் டெற்றா என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை வீடு வந்து சேர்கின்றன. சில வாரங்கள் கழிந்ததும் தொட்டியின் அடித்தளம் வெறிச்சோடிக் கிடப்பது கண்ணிற் படும். உண்ணாது விட்ட உணவு மணலில் வீழ்ந்து வெண்பூஞ்சணம் பூத்துக் கிடப்பதும் தெரியும். அப்பொழுதுதான் வளர்ப்போர் மீன் கடைக்குச் சென்று, "அடியிற் கிடக்கும் அழுக்கைத் தின்னும் மீன் ஒன்று உண்டோ?" என்று வினவுகின்றனர். கடைக்காரரும் மீசை முளைத்த குஞ்சொன்றைப் பையிலிட்டுக் கொடுத்துவிடுகிறார்.

அந்த ஒரு வினாவினுள்ளே இரண்டு பிழைகள் அடங்கியுள்ளன. தொட்டிகளில் வளர்க்கப்படும் மீசை மீன்களுள், பிற மீன்களின் கழிவைத் தின்று உடல் வளர்ப்பது எதுவுமில்லை. அவை கிளறுவதால் அழுக்கு இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை. அவையும் உண்டு கழிக்கும் உயிர்களாதலின் தொட்டியின் அழுக்கு ஒரு பங்கு கூடவே செய்யும். மற்றப் பிழை "ஒன்று" என்னும் சொல்லில் இருக்கின்றது. அதனைப் பின்னர் காண்போம்.

துப்புரவுத் தொழிலாளி என்று எண்ணி வாங்கப்பட்ட மீனுக்கு எவரும் தனியே உணவிடுவதில்லை. மேலே தூவப்படும் உணவை மேலுள்ள மீன்களே உண்டு முடித்துவிடுகின்றன. அடியிலுள்ளது நாளுக்கு நாள் வயிறு ஒட்டி, ஒரு காலையில் மணலிற் கிடக்கக் காணப்படும். "என்ன நோயோ அறியோம்" என்பார்கள். பெரும்பாலும் அது பட்டினியே.

கெளிறு என்னும் குலம்

நாம் கெளிறு என்றும் கெளுத்தி என்றும் வழங்கும் மீன்குலத்தை ஆங்கிலேயர் பூனைமீன் என்பர். வாயைச் சூழ்ந்து நிற்கும் மீசைகளே அப்பெயருக்குக் காரணம். இக்குலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. கட்டைவிரலின் அகலமேயுள்ள குறுமீன் முதல் ஆள் நீளத்தை மிஞ்சும் மீகொங் ஆற்றுப் பூதம் வரை எல்லாம் இக்குலத்தினவே. ஆகையாற் "கெளிறு வாங்கினோம்" என்று மட்டும் கூறுவது, "விலங்கு வாங்கினோம்" என்று கூறுவதையே ஒக்கும். பூனையா, யானையா என்பது தெரிய வேண்டாமா?

மீசை வெறும் அலங்காரமன்று. அதன் தோலெங்கும் சுவை அரும்புகள் பரவியுள்ளன. உடற்றோலிலும் அவை உண்டு. நாவை வெளியே நீட்டி நிலத்தைத் தடவிக்கொண்டு நடப்பது போல, கலங்கல் நீரிலும் காரிருளிலும் கெளிறு தன் இரையை அறிந்துகொள்ளும். மற்ற மீன்களுக்குள்ளது போன்ற செதில் இதற்கில்லை. சிலவற்றுக்கு வழுவழுப்பான வெறுந்தோல். சிலவற்றுக்கு எலும்புத் தகடுகளால் ஆய கவசம். முதுகுத் துடுப்பிலும் தோட் துடுப்புகளிலும் வலிய முள் இருப்பது பெரும்பாலானவற்றுக்குப் பொது. அச்சமுற்றால் முள்ளை விரித்து அசையாதபடி பூட்டிக்கொள்ளும். விழுங்க வந்த மீனின் தொண்டையில் அது சிக்கி இரண்டும் மாள்வதும் உண்டு.

பல இன மீன்கள் ஒருங்கே வாழும் கலப்புத் தொட்டிக்குக் கெளிறு தெரிவோர், நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அது முழு வளர்ச்சியடைந்தால் எத்தனை அங்குலம் இருக்கும் என்று கேட்டல் வேண்டும். அதன் வாய் எவ்வளவு அகலம் விரியும் என்பதையும் நோக்க வேண்டும். கெளிறுகளுட் பல இரவிலே இரை தேடுவன. வாயில் அடங்கும் மீன் எதுவாயினும் அவற்றுக்கு இரையே. பகலில் மூலையில் ஒடுங்கிக் கிடந்த சாது, விளக்கணைந்தபின் கப்பிகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட, வீட்டார் பூனையின்மீது பழி போடுவதைக் கேட்டிருக்கிறோம்.

கவசம் பூண்ட சிறுவர்

கலப்புத் தொட்டிக்கு நாம் தயக்கமின்றிச் சொல்லக்கூடியது கொறிடோராஸ் வகையே. தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே ஓடும் ஆறுகளும் சிற்றோடைகளுமே இவற்றின் தாயகம். தலைக்கவசம் என்றும் தோல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட் 1803-ம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். உடலின் இரு மருங்கிலும் ஓடு வேய்ந்தாற்போல இரண்டிரண்டு வரிசை எலும்புத் தகடுகள் அமைந்திருப்பதைக் காண்போருக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். இவை இரண்டு அல்லது இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. வாய் சிறிது, கீழ்நோக்கியது. வளர்ந்த மீன் எதற்கும் இவற்றால் தீங்கில்லை.

கடைகளில் அதிகமாய்க் கிடைப்பது வெண்கலக் கொறிடோராஸ். ரினிடாட் தீவிலிருந்து கிடைத்த மீனைக்கொண்டு தியடோர் கில் 1858-ம் ஆண்டில் இதனை விவரித்தார். வெண்மையான உடலும் செங்கண்ணும் உடையதாய் விற்கப்படுவது வேறு இனமன்று. இதன் நிறமற்ற வடிவமே. அடுத்தது மிளகுப்புள்ளிக் கொறிடோராஸ். சார்ள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த காலத்தில் தென்னமெரிக்காவிற் சேகரித்த மீன்களுள் இதுவும் ஒன்று. ஜெனின்ஸ் என்பார் 1842-ம் ஆண்டில் அதனை நூலேற்றினார். கண்ணைச் சுற்றிக் கருந்திட்டுடைய பண்டா என்னும் வகை பெரு நாட்டிலிருந்து வந்தது. கரிய உடலில் வெண்புள்ளிகளும் செம்மஞ்சள் துடுப்புமாய் அழகொழுகும் ஸ்ரேர்பா வகை 1962-ம் ஆண்டில் பெயர் பெற்றது. அது லைப்சிக் நகரப் பேராசிரியர் குந்தர் ஸ்ரேர்பாவின் நினைவாக இடப்பட்ட பெயராகும்.

மாணவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைத் தன்னுள் அடக்கியிருந்த கொறிடோராஸ் என்னும் பேரினத்தை, 2024-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. அதன்படி வெண்கல மீன் ஒஸ்ரியோகாஸ்ரர் என்னும் பேரினத்துக்கும், மிளகுப்புள்ளி மீன் ஹொப்ளிசோமா என்னும் பேரினத்துக்கும் உரியவை. கடைக்காரர் என்னவோ பழைய பெயரையே சொல்லுவார். பெயர் மாறினும் மீன் மாறவில்லை.

இனி, முன்னே குறிப்பிட்ட "ஒன்று" என்னும் பிழைக்கு வருவோம். கொறிடோராஸ் கூட்டமாய் வாழும் இயல்பினது. தனியே விடப்பட்டால் செடியின் மறைவிலோ வடிகட்டியின் பின்னோ ஒடுங்கிக் கிடக்கும்; உணவிட்டாலும் தயங்கியே வெளிவரும். ஆறு மீன்களைச் சேர்த்து விட்டுப் பாருங்கள். அணிவகுத்து மணலை மோந்து செல்வதும், ஒன்று நின்றால் மற்றவை நிற்பதும், கண்ணை உருட்டிச் சிமிட்டுவது போற் பார்ப்பதும் சிறுவர்களுக்கு அலுக்காத காட்சி. இரண்டு வெண்கலம், இரண்டு பண்டா, இரண்டு மிளகுப்புள்ளி என்று கலந்து வாங்குவது கூட்டமாகாது. ஒரே இனத்தில் ஆறு என்பதே கணக்கு. தொட்டி சிறிதாயின், மேல்மீன்களைக் குறைத்தாவது இக்கணக்கைக் காத்தல் வேண்டும்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 56 லீற்றர் நீர் கொள்ளும். ஆறு பண்டாக்களுக்கு அது போதும். வெண்கலத்துக்கோ ஸ்ரேர்பாவுக்கோ மூன்றடித் தொட்டியே வசதி. அடியில் வாழும் மீனுக்கு உயரத்தினும் தளத்தின் பரப்பே பெரிது என்பதால், ஒடுங்கி உயர்ந்த அழகுத் தொட்டிகளும் உருண்டைக் குடுவைகளும் இவற்றுக்கு ஆகா.

மணலும் மீசையும்

கொறிடோராஸ் மணலை வாயில் அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு, மிகுதியைச் செவுள்வழியே உமிழும். கூர்விளிம்புடைய உடைகல் பரப்பிய தொட்டியில் இச்செயல் நடவாது. அழுகிய உணவு தேங்கிய தளத்தில் மீசை சிறிது சிறிதாய்க் குறைந்து ஈற்றில் கட்டையாகிவிடும். மீசை இழந்த கெளிறு கைத்தடியிழந்த குருடனை ஒக்கும். ஆற்று மணலை அரித்து, நீர் தெளியும்வரை பலமுறை கழுவி, ஓரங்குல கனத்திற் பரப்புவதே நலம். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் துகளும் கலந்திருக்கும். அழகுக்காகச் சங்கு, சிப்பி, முருகைக்கல் முதலியவற்றை இடுவோர் பலர். இவை சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் வன்மையைக் கூட்டுமென்பதை அறியார்.

நீரைப்பற்றி நம் நாட்டு வாசகர்கள் சிறிது கூடுதலாகவே எண்ண வேண்டியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையூடாக ஊறி வருவதால் வன்னீராகும். கரையோரக் கிணறுகளில் உவர்ப்பும் கலந்திருக்கும். கப்பியும் மொலியும் வன்னீரை விரும்புவன. மழைக்காட்டு ஓடைகளிலிருந்து வந்த கொறிடோராஸோ மென்னீருக்குரியது. எனினும் பண்ணைகளிற் பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட வெண்கல வகை ஓரளவு வன்னீரைத் தாங்கும். உவர் நீரை மாத்திரம் தாங்காது. தூய கூரையிலிருந்து பிடித்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துவது இயலுமாயின் மிக நல்லது. மொலி வளர்ப்போர் நீரில் உப்பிடும் வழக்கமுடையவராயின், அத்தொட்டியிற் கெளிறு வேண்டாம். குழாய்நீர் பெறுவோர், குளோரின் நீங்க ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் வைத்து எடுக்கலாம்.

அடுத்து வெப்பம். குளிர் நாட்டு நூல்கள் தொட்டிக்கு வெப்பமூட்டி வாங்குமாறு கூறுகின்றன. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் நமக்கு அதற்கு நேர்மாறான இடர். நம் தொட்டி நீர் பெரும்பாலும் 27 பாகை செல்சியசுக்கு மேலே நிற்கும். சித்திரை, வைகாசியில் 30 பாகையையும் தாண்டும். மிளகுப்புள்ளி மீனின் தாயகம் பிறேசிலின் தென்பகுதி, உருகுவே, ஆர்ஜென்ரீனா ஆகிய குளிர்ந்த பகுதிகள். பண்டாவும் சற்றே குளிர்ந்த நீரை நாடுவது. இவ்விரண்டையும் கரையோர வெப்பத்தில் வைத்துப் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை என்றே கூறுவோம். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்தவர்க்கோ மிளகுப்புள்ளியைப்போற் பொருத்தமான கெளிறு வேறில்லை. தாழ்நிலத்தவர் ஸ்ரேர்பாவை முதலாவதாகவும் வெண்கலத்தை அடுத்ததாகவும் கொள்ளலாம். ஸ்ரேர்பா 28 பாகையிலும் சோர்வின்றி இருக்கும். கோடையில் தொட்டியை யன்னல் வெயிலினின்றும் விலக்கி, நீர்ப்பரப்பின்மேற் சிறு மின்விசிறியொன்றை வீசவிட்டால் வெப்பம் இரண்டொரு பாகை தணியும். வற்றும் நீரை மட்டும் ஈடு செய்தல் வேண்டும்.

சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவு. அத்தகைய வேளைகளிற் கொறிடோராஸ் அம்பெனப் பாய்ந்து மேற்பரப்புக்கு வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு அடிக்கு மீளும். விழுங்கிய காற்றிலுள்ள ஒட்சிசனை அதன் குடல் உறிஞ்சிக்கொள்கின்றது. செவுளாற் சுவாசிப்பதோடு குடலாலும் சுவாசிக்கும் இவ்வமைப்பைக் காணும் மாணவர்கள் வியப்படைவர். இடையிடையே இவ்வாறு செய்வது இயல்பே. அடுத்தடுத்து ஓயாது செய்யுமாயின் நீர் கெட்டுவிட்டதென்று கொள்க. தொட்டியை மூடியோடு முட்ட நிரப்பாது, இரண்டங்குலம் வெற்றிடம் விட்டு வைப்பதும் இதற்காகவே.

பாசி மேய்வோர்

கண்ணாடியிற் படரும் பாசியைக் கொறிடோராஸ் தின்னாது. அதற்கு வேண்டியவை உறிஞ்சுவாய்க் கெளிறுகள். இவற்றுள் ஒன்றரை அங்குலமே வளரும் ஒட்டோசிங்லஸ் மிகச் சாதுவானது. ஆயினும் கடைக்கு வருவனவற்றுட் பல ஆறுகளிற் பிடிக்கப்பட்டவை. பயணத்திற் பட்டினியால் நலிந்தவை. புதிதாய் அமைத்த, பாசியே இல்லாத தொட்டியில் இவற்றை விட்டால் இரண்டு வாரம் நிலைப்பதும் ஐயம். தொட்டி ஆறு மாதம் பழகியபின் வாங்குவதே அறிவுடைமை.

மூன்றடித் தொட்டி உடையவர்களுக்கு அன்சிஸ்றஸ் என்னும் தூரிகை மூக்கு மீனை விதந்துரைக்கலாம். ஐந்தங்குல அளவில் வளர்ச்சி நின்றுவிடும். ஆண் மீனின் முகத்திற் கிளைத்த தூரிகை போன்ற தசைமுளைகள் பார்வைக்கு விகாரமெனினும், அதன் குணமோ மேலானது. பொந்தினுள் இடப்பட்ட முட்டைகளைத் தந்தையே இரவு பகலாய்க் காவல் காத்து, துடுப்பால் விசிறிப் பொரிக்கச் செய்யும். தொட்டியில் ஊறிய மரத்துண்டொன்றும், ஒரு பக்கம் உடைந்த மண்சட்டியும் இருந்தால் அது மனநிறைவோடு வாழும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும். இரண்டு ஆண்கள் இடத்துக்காகப் போரிடும்.

குஞ்சிலே இரண்டங்குலம்

நம் நாட்டில் 'ராங்க் கிளீனர்' என்னும் பெயரால் விற்கப்படும் பெரிய உறிஞ்சுவாய்க் கெளிறே வளர்ப்போரை ஏமாற்றுவதில் முதலிடம் பெறுவது. கடையில் அது இரண்டங்குலக் குஞ்சு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்வதைக் கண்டு வீட்டார் மகிழ்வர். ஓராண்டிற் சாணளவாகும், பின்னர் ஓரடியைத் தாண்டும். பாசி போதாது, செடிகள் வேரோடு பெயரும், அதன் கழிவே தொட்டியை நிறைக்கும். "தொட்டிக்கேற்பத்தான் மீன் வளரும்" என்று சிலர் கூறுவதை நம்பலாகாது. இடநெருக்கடியில் வளர்ச்சி குன்றிய மீன் நலிந்த மீனே.

அடுத்து நிகழ்வதே பெருந்தீங்கு. கொல்ல மனமின்றி, மீனைச் சட்டியிலிட்டுக் கொண்டுபோய் அருகிலுள்ள குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். புண்ணியம் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகின்றனர். அமேசனிலிருந்து வந்த அம்மீன் குறைந்த ஒட்சிசனிலும், இரைப்பையாற் காற்றைச் சுவாசித்து உயிர் வாழ வல்லது. எலும்புக் கவசம் பூண்டதால் அதனைத் தின்ன வல்ல உயிர்களும் சிலவே. கரையிலே நீண்ட வளைகளைத் தோண்டி முட்டையிடுவதால் அணைக்கரை மண்ணும் தளர்கின்றது. கண்டிக்கு அண்மையில் மகாவலிமீது அமைந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இவை குடியேறிப் பெருகியிருப்பதை ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். மெக்சிக்கோவின் இன்பியர்னில்யோ நீர்த்தேக்கத்திலும் பிலிப்பைன்ஸின் லகுனா ஏரியிலும் இதே கதைதான். திலாப்பியா பிடிக்க வீசிய வலையில் முட்கவச மீன் சிக்கி வலையைக் கிழித்துவிட, மீனவர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். ஒரு வீட்டின் கூடத்திலிருந்து நழுவிய இரண்டங்குலக் குஞ்சு இன்னொரு வீட்டின் அடுப்பை அணைக்கும் அளவுக்குப் பெருகிவிடுகின்றது.

ஆகவே இதனை வாங்காதிருத்தலே வழி. முன்னரே வாங்கியிருப்போர், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவோ, பெருந்தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கவோ முயல வேண்டும். எந்நிலையிலும் வெளி நீர்நிலையில் விடலாகாது. செவ்வால் கெளிறும், கடைகளிற் 'சுறா' என்று விற்கப்படும் மீகொங் கெளிறும் இத்தகையனவே. குஞ்சிலே அழகு, வளர்ந்தாலோ மூன்றடியைத் தாண்டும்.

நம் நாட்டுக் கெளிறுகள் ஆகாவோ என்று சிலர் வினவலாம். வாளை பெருமீன்களையே விழுங்கும் அரக்கன். முள்ளிலே நஞ்சுடைய கெளிறு குத்தினால் வலி பொறுக்க முடியாது. பிள்ளைகள் கைவிடும் தொட்டியில் அதற்கு இடமேயில்லை. 2008-ம் ஆண்டில் புதிய இனமென விவரிக்கப்பட்ட, இலங்கைக்கே உரிய மிஸ்ரஸ் அங்குட்டா சிறிதெனினும், காட்டு நீரோடைகளிலேயே வாழ வேண்டிய அரிய செல்வம்; அதனைப் பிடித்து வருதல் தகாது. கெளிறன்றாயினும், அடித்தள மீன் வேண்டுவோர் நினைக்கக்கூடிய ஒன்று நம் ஓடைகளில் உண்டு. அதுவே அயிரை. குழம்புக்கென்றே நாம் அறிந்துள்ள அச்சிறு மீன் மணலிற் புதைந்து கண்ணை மாத்திரம் வெளிக்காட்டிக் கிடக்கும் அழகு, தொட்டியிற் பார்த்தவர்க்கே தெரியும். நம் வெப்பம் அதற்குப் பழகிய வெப்பமே.

கடையிற் பார்க்க வேண்டியவை

மீன் வாங்கச் செல்லும் நாளில் அவசரம் ஆகாது. தொட்டியின்முன் கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். இறந்த மீன் மிதக்கும் தொட்டியிலிருந்தும், உப்புத் தூவினாற்போல வெண்புள்ளி படர்ந்த மீன் உள்ள தொட்டியிலிருந்தும் எதையும் வாங்க வேண்டாம். கெளிற்றின் மீசை முழுமையாய் உளதா என்று நோக்குக. வயிறு உட்குழிந்திருந்தால் அது பல நாட் பட்டினி. கண்ணொளி குன்றியதும், செவுள் படபடவென்று அடிப்பதும் நோயின் அறிகுறிகள். சிறிது உணவிடுமாறு கடைக்காரரைக் கேளுங்கள். ஆவலோடு முன்வரும் மீன்களையே தெரிந்தெடுங்கள். இளஞ்சிவப்பும் நீலமுமாகப் பளிச்சிடும் கொறிடோராஸ் கண்டால் மயங்க வேண்டாம். அது நிறமற்ற மீனுக்குச் சாயமேற்றிய வேலை. ஊசியால் ஏற்றுவதும் உண்டு. துன்புறுத்தப்பட்ட மீனுக்குப் பணம் கொடுப்பது அத்தொழிலை வளர்ப்பதாகும்.

வலையால் அள்ளினால் முள் வலையிற் சிக்கும். அகன்ற வாயுள்ள கோப்பையாற் பிடித்து, இரட்டைப் பையில் இடுமாறு கேட்டல் வேண்டும். ஒற்றைப் பையை முள் துளைத்து வழியிலேயே நீர் ஒழுகிவிடும். வீடு வந்ததும் பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையிற் கலந்து, பின்னரே மீனை விடுவது முறை. வேறொரு சிறு தொட்டியில் இரண்டு வாரம் தனித்து வைத்துப் பார்க்க முடிந்தால் பழைய மீன்களுக்கு நோய் தொற்றாது. புதுத் தொட்டியாயின் நீர் நிரப்பிய மறுநாளே கெளிறு விடுதல் பெரும்பிழை. கழிவிலிருந்து எழும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிற் குடிகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதன்பின்னும் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி, மணலின் மேலுள்ள அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்தல் நம் கடமை. கெளிற்றின் கடமையன்று.

உணவும் குடும்பப் பெருக்கமும்

மாலையில் விளக்கை அணைத்தபின், நீரில் அமிழும் வில்லை உணவை இடுக. அரை மணியில் உண்டு முடிக்குமளவே போதும். வாரம் இருமுறை செம்புழுவோ நறுக்கிய மண்புழுவோ கொடுக்கலாம். நுளம்புக் குடம்பி மீனுக்கு மிகச் சிறந்த உணவுதான். ஆனால் அதற்கென்று முற்றத்தில் நீர்ப் பாத்திரம் வைத்து வளர்ப்பது டெங்குக் காய்ச்சலை வீட்டுக்கு அழைப்பதாகும், செய்யற்க. அன்சிஸ்றஸுக்கும் ஒட்டோசிங்லஸுக்கும் வெள்ளரித் துண்டையோ வெந்நீரில் வதக்கிய பசளியிலையையோ சிறு கல்லிற் கட்டி அமிழ்த்தி, மறுநாட் காலை மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

இவ்வாறு பேணப்படும் கொறிடோராஸ் பத்தாண்டளவும் வாழக்கூடும். பள்ளியின் கீழ்வகுப்பிற் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மீன், அப்பிள்ளை பல்கலைக்கழகம் புகும்போதும் தொட்டியில் இருக்கலாம். வாங்குமுன் பெற்றோர் எண்ண வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

நன்கு உணவுண்டு வளர்ந்த கூட்டத்திற் பெண்மீன்கள் மேலிருந்து நோக்கின் அகன்று தோன்றும். அத்தகைய காலத்தில், தொட்டி நீரிலும் இரண்டொரு பாகை குளிர்ந்த நீரை ஒருநாள் மாலையில் ஊற்றிப் பாருங்கள். மழைக்காலம் பிறந்ததென்று மீன்கள் எண்ணிக்கொள்ளும். ஆண்கள் பெண்ணைத் துரத்தும். பெண் தன் வயிற்றுத் துடுப்புகளைக் கூடைபோற் குவித்துச் சில முட்டைகளை அதில் ஏந்திச் சென்று, கண்ணாடியில் ஓரிடத்தை வாயாற் துடைத்து, அங்கே ஒட்டவைக்கும். பாரிஸ் நகரில் கார்பொனியே என்பவர் 1878-ம் ஆண்டிலேயே மிளகுப்புள்ளி மீனை இவ்வாறு தொட்டியில் இனம்பெருக்கிக் காட்டினார். முட்டையிட்ட தாயே பின்னர் அவற்றைத் தின்னவுங் கூடும். ஆகவே சவர அலகின் பின்புறத்தாலோ விரல் நுனியாலோ மெல்ல உருட்டி எடுத்து, அதே நீர் நிரப்பிய சிறு பாத்திரத்தில் இட்டு, காற்றுக் குமிழி மெதுவாய் ஓடும்படி வையுங்கள். வெண்மையாய்ப் பூஞ்சணம் பிடித்த முட்டைகளை அன்றன்று அகற்றிவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளிற் குஞ்சு வெளிவரும். முதல் இரண்டு நாள் அவை வயிற்றிலுள்ள கருவுணவையே உண்ணும். அதன்பின் புதிதாய்ப் பொரித்த உப்புநீர் இறாற் குஞ்சை நன்னீரில் அலசி, நாளுக்கு இருமுறை, ஊசி முனையளவு இடுக.